எக்ஸ்பிரஸ் முந்துகிறார்

மகாராணி வலது செருப்பை மாட்டிக்கொண்டு இடது செருப்பைத் தேடிக் குனிந்தபோது, இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி ஒரு துள்ளுத் துள்ளியது.

‘எக்ஸ்பிரஸ் நடக்கத் தொடங்கிவிட்டார்! நீங்கள் எப்போது?’

எக்ஸ்பிரஸ் அவளுடைய தம்பி. விடிவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தான்.

கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள். பிறகு ஒற்றைச் செருப்போடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பயந்த சுபாவம் இல்லை அவளுக்கு. தொலைபேசி நிலையத்தில் ஆயுசில் பாதியைக் கழித்தவள். ஊரில் நடந்த கல்யாணங்களில் பாதி அவள் இணைத்துக் கொடுத்த அழைப்புகளால் நடந்தன. மீதிப் பாதியில் மாப்பிள்ளைகள் தப்பித்தது, அவள் சரியான நேரத்தில் இணைப்பைத் துண்டித்ததால். இடி விழுந்து நிலையமே புகைந்தபோதுகூடக் காதிலிருந்த கருவியைக் கழற்றாமல் “கொஞ்சம் இருங்க, கூரைல தீ. அடுத்த மூணு நிமிஷம் நீட்டிக்கவா?” என்று கேட்டவள் என்பார்கள். அப்படிப்பட்டவள் இப்போது ஒரு வரியைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

‘நீங்கள் எப்போது?’

தம்பியோடு அவள் பேசிப் பல வருடம் ஆகிறது. அவன் மகளின் கல்யாணத்தில் வந்த வினை. குடும்பப் படம் எடுக்க எல்லாரும் வரிசையாக நின்றபோது அவன் சொன்னான்: “அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லு. பூச்சாடி மறையுது.”

மகாராணி தள்ளி நின்றாள். மேடையைவிட்டுத் தள்ளினாள், மண்டபத்தைவிட்டுத் தள்ளினாள், தெருவைவிட்டுத் தள்ளி, ஊரின் மறுகோடியிலிருந்த தன் வீட்டில் வந்து நின்றவள், அதன்பிறகு அவன் வாசலை மிதிக்கவே இல்லை. படத்தில் பூச்சாடி கம்பீரமாக விழுந்திருக்கிறது. அதன் ஓரத்தில் அவளுடைய முழங்கை மட்டும். அத்தனைக்கும் அதிலிருந்தது பிளாஸ்டிக் பூ.

இரண்டு பேரையும் சமாதானப்படுத்தப் பார்த்துத் தோற்றுப்போன தம்பி மகள், கடைசியில் இரண்டு பேர் கைப்பேசியிலும் இந்த நடைச் செயலியைப் போட்டுவிட்டாள். வெட்டியாக உட்கார்ந்தால் சர்க்கரை ஏறும் என்று சாக்கு. பெயர்களையும் அவளே வைத்தாள். பஸ் ஓட்டியே தலை நரைத்த அப்பாவுக்கு எக்ஸ்பிரஸ். அத்தைக்கு மகாராணி. யார் எவ்வளவு நடந்தார்கள் என்று செயலி எண்ணும். வாரம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவருக்குக் கோப்பை கொடுக்கும். எழுத்தில் எதுவும் அனுப்ப வழியில்லை. கைதட்டல் அனுப்பலாம், முயல் அனுப்பலாம், பின்தங்கியவருக்கு ஆமை அனுப்பலாம்.

பேச்சை நிறுத்திய அக்காவுக்கும் தம்பிக்கும் இதைவிடத் தோதான பாஷை எங்கே கிடைக்கும்! முதல் வாரமே அவன் ஓர் ஆமை அனுப்பினான். மகாராணிக்கு உச்சந்தலைவரை ஏறியது. மறுநாளே ரப்பர் செருப்பு தேயத் தேய நடந்து இரண்டு ஆமைகளைத் திருப்பி அனுப்பினாள். அன்றிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. தவறினால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. உடனே தம்பி மகளைக் கூப்பிடுவாள்.

“உங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியந்தானே?”

“அப்பா நல்லாத்தான் இருக்காரு அத்தை.”

“உங்கப்பனை இப்ப யாருடி கேட்டா?”

இரண்டு பேரும் யோக்கியமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் ஓய்வுபெற்ற பிறகும் சும்மா இராமல் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டினான். அந்த வேனுக்கு ஸ்பிரிங் என்ற ஒன்று முற்பிறவியில் இருந்திருக்கலாம். அது பள்ளத்தில் விழும் ஒவ்வொரு குலுக்கலையும் அவன் மணிக்கட்டிலிருந்த கடிகாரம் நடை என்று எண்ணியது. “உட்கார்ந்துக்கிட்டே நடக்கறானாம், சித்தன்!” என்று மகாராணி பொருமினாள். அதற்குப் பிறகுதான் அவளும் கைப்பேசியைக் காலுறைக்குள் திணித்துக் கணுக்காலில் இறுக்கிக்கொண்டு, டிவி முன்னால் உட்கார்ந்து காலாட்டத் தொடங்கினாள். அவள் காலாட்டிய ஆட்டத்தில் சோபா தானாக நகர்ந்து சமையலறை வாசல்வரை போன நாட்கள் உண்டு.

நேற்றுச் சாயங்காலமும் அப்படித்தான். வாரம் முழுக்கப் பின்தங்கியிருந்தவள், ஒரு முழுப் படம் முடியும்வரை காலாட்டி அவனை முந்தினாள். ஆமைகளிலேயே பெரிய ஆமை, கைப்பேசித் திரையை அடைத்துக்கொண்டு வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிற ஆமை, அதைத் தேடிப்பிடித்து அனுப்பினாள். பதில் வரவில்லை. தோற்ற ரோஷம் என்று நினைத்துச் சிரித்தபடி படுத்தாள். விடியலில் தம்பி மகளின் அழைப்பு வந்தது.

ஆக, தம்பியிடம் அவள் கடைசியாகச் சொன்னது ஓர் ஆமை.

அனுப்பிய படத்துக்குக் கீழே ஒரு சின்னக் கண் இருக்கும். பார்த்துவிட்டால் திறக்கும். அவள் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. பார்த்திருக்கக் கூடாது, அவன் அதைப் பார்த்திருக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே இடது செருப்பைக் கண்டுபிடித்து மாட்டினாள்.

டாக்ஸியில் போகும்போது மறுபடி துள்ளியது.

‘எக்ஸ்பிரஸ் இன்று அசத்துகிறார்!’

டாக்ஸி ஓட்டியவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “என்னம்மா, வழி நெடுகச் சத்தம் வந்துக்கிட்டே இருக்கு?”

“தம்பி நடக்கறான்.”

“காலங்காத்தாலயேவா? நல்ல பழக்கம்மா. எத்தனை வயசு அவருக்கு?”

“எனக்கு இளையவன்.”

“நடக்கட்டும், நடக்கட்டும். நடந்தா நூறு வயசு.”

மகாராணி கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். அது மடியில் கிடந்தபடியே மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. புதுச் சாலையில் டாக்ஸி வழுக்கிக்கொண்டு போயிற்று. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அவனை ஒருநாளும் முன்னால் போக விட்டதில்லை. ‘பெரியவ நானு, பின்னாடி வாடா’ என்பாள். அவன் செருப்பின் சரக் சரக் பின்னாலேயே வரும். இப்போது ஏனோ டாக்ஸியின் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. திரும்பவில்லை.

வீட்டு வாசலில், பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் வாடகை நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். “வாங்கக்கா. வண்டி வந்துக்கிட்டு இருக்கு” என்றார். கூடத்தில் மேசை, டிவி எல்லாவற்றையும் ஓரம் தள்ளி நடுவில் இடம் விட்டிருந்தார்கள். சுவரில் அந்தப் படம். பூச்சாடி. அதன் ஓரத்தில் முழங்கை. அதன் நேர்கீழே போய் நின்றுகொண்டாள்.

வண்டி வந்தது. நான்கு பேர் இறக்கினார்கள். தம்பி மனைவி இறங்க முடியாமல் இறங்கி, கூடத்தில் நின்றவளைப் பார்த்து, “வந்துட்டீங்களா அண்ணி” என்றாள். அவ்வளவுதான். அதற்குள் எதிர்வீட்டு அம்மா ஒருத்தி குரலெடுத்தாள்: “அக்கா குத்துக்கல்லாட்டம் நிக்க, தம்பி முந்திக்கிட்டானே!”

குத்துக்கல் அசையாமல் நின்றது.

வெள்ளைத் துணியைக் கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். தலைமயிர் கலைந்திருந்தது. இடது கைப்பக்கம் துணிக்கடியில் ஏதோ பச்சையாக மினுங்கி அணைந்தது. திரும்பவும் மினுங்கியது. மகாராணி தம்பி மகளின் தோளைப் பிடித்தாள்.

“என்னடி அது?”

“கடிகாரம் அத்தை. குளிக்கும்போதுகூடக் கழட்டமாட்டார், இப்ப மட்டும் எதுக்குன்னு அம்மா விடமாட்டேன்னுட்டாங்க.”

“லைட்டு எரியுதே.”

“நாடி பாக்கற லைட்டு. கிடைச்சா நின்னுடும்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “கிடைக்கலைன்னா தேடிக்கிட்டே இருக்கும்.”

இரண்டு பேரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வர்ற வழியில…” என்று ஆரம்பித்த மகாராணி, கைப்பேசியை இடுப்பில் இன்னும் உள்ளே செருகிக்கொண்டாள். “ரோடு எப்படி?”

“ரோடா அது? ஆஸ்பத்திரி வண்டிக்காரன் பழைய மார்க்கெட் வழியா வந்தான் அத்தை. பூரா பள்ளம். அப்பாவை ஒவ்வொரு குலுக்கலுக்கும் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கமாப் பிடிச்சுக்கிட்டே வந்தோம். அவர் போன் என் பையிலதான் இருக்கு, அது வேற விடாமக் கத்துது. அணைக்கவும் மனசு வரல.”

மகாராணி மூச்சு விட்டாள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. உட்கார்ந்துகொண்டே நடந்தவன், இன்றைக்குப் படுத்துக்கொண்டே நடந்திருக்கிறான். வேறு எந்த நாளாக இருந்தாலும் இதற்கு ஒரு வாரம் சண்டை போட்டிருப்பாள்.

காரணம் தெரிந்துவிட்டதே தவிர, கைப்பேசி அடங்கவில்லை. தம்பி மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் இடது கையைத் துணிக்கு வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து விரல்வரை தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவள் தடவத் தடவ மகாராணியின் இடுப்பில் கைப்பேசி அதிர்ந்தது. அவள் நிறுத்தினால் நின்றது. மறுபடி தடவினால் மறுபடி அதிர்ந்தது. கூடத்தில் இத்தனை பேர் இருந்தும் வேறு யாருக்கும் தெரியவில்லை. கண்ணை மூடினால், பின்னாலேயே அந்தச் சரக் சரக்.

கைப்பேசியைத் திறந்து பார்த்தாள். இந்த வாரத்துக் கணக்கில் அவன் அவளுக்குச் சற்றுத்தான் கீழே இருந்தான். ‘இன்னும் கொஞ்சம்தான், எக்ஸ்பிரஸ்!’ என்று ஒரு கொடி ஆடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் கோப்பை.

மத்தியானம் காகிதக் குவளையில் டீ கொடுத்தார்கள். வாசல் நாற்காலிகளில் ஆண்கள் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மகாராணி ஜன்னலோரமாக நின்றாள். மருந்துக்கடைக்காரர் அவளைப் பார்த்துவிட்டுக் குவளையோடு எழுந்து வந்தார். தினமும் பூங்காவில் தம்பியோடு நடக்கிறவர் அவர். நேற்றும் கூட இருந்தவர்.

“உங்ககிட்டச் சொல்லணும்னே இருந்தேங்க்கா. கடைசியா அவர் சிரிச்சது உங்களாலதான்.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“நேத்து ஒரு சுத்து முடிச்சதும் பெஞ்சில உட்கார்ந்துட்டாரு. நெஞ்சைத் தடவிக்கிட்டே இருந்தாரு. என்னான்னேன். மத்தியானம் சாப்பிட்டது சரியில்லைன்னாரு. சரி, கடைக்குப் போய் ஒரு மாத்திரை போட்டுக்கலாம்னு சொல்லிக்கிட்டு இருக்கேன், போன் துள்ளுது. எடுத்துப் பாத்தாரு. அடேயப்பா! அப்படி ஒரு சிரிப்பு நான் பாத்ததே இல்லக்கா. புல்லுல மேஞ்சுக்கிட்டு இருந்த புறா அத்தனையும் எந்திரிச்சுப் பறந்துடுச்சு. ‘பாருய்யா, எங்கக்கா எம்மாம் பெரிய ஆமை அனுப்பியிருக்கா பாரு’ன்னு என் மூஞ்சிக்கு நேரா நீட்டறாரு.”

“பாத்தானா” என்றாள் மகாராணி.

“பாத்தாரான்னா? வர்றவன் போறவன்கிட்டல்லாம் காமிச்சாரு. ‘இந்த வயசுல எப்படி நடக்கறா பாரு. எங்கக்கா காலு இரும்புய்யா. நான் வேன் குலுக்கல்ல திருட்டுக் கணக்கு ஏத்தறேன், அவ நிஜமாவே நடக்கறா’ன்னு ஒரே பெருமை.”

மகாராணியின் கை ஜன்னல் கம்பியைப் பிடித்தது.

“‘இன்னைக்கு விடமாட்டேன், இன்னும் ஒரு சுத்துதான், முந்திடுவேன்’னு எந்திரிச்சுட்டாரு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு கையைப் புடிச்சேன். கேக்கல. போனையும் அந்த ஆமையையும் பாத்துச் சிரிச்சுக்கிட்டே போனாரு. குழாயடி திரும்பறதுக்குள்ள…” அவர் குவளையைப் பார்த்துக்கொண்டார். “எதுக்குச் சொல்றேன்னா, சந்தோஷமாத்தான் போனாரு. உங்களுக்கு அது ஒரு ஆறுதல்.”

கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அவர் காத்திருந்தார்.

“டீ ஆறுது, குடிங்க” என்றாள் மகாராணி.

அதற்குப் பிறகு நெடுநேரம் அவள் சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலைத் தரையில் அழுத்தி வைத்திருந்தாள். ஒரு தடவை அதுவாக ஆடத் தொடங்கியபோது, இரண்டு கைகளாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

புறப்படும் நேரம் வந்தபோது சுடுகாட்டு வண்டிக்காரர் உள்ளே வந்து தம்பியின் கையைப் பார்த்தார்.

“கடிகாரத்தைக் கழட்டிடுங்கம்மா. மின்சாரத் தகனத்துல பேட்டரி இருக்கக் கூடாது. வெடிச்சுடும்.”

தம்பி மனைவி கையை இறுக்கிக்கொண்டாள். மகள் அம்மாவைப் பார்த்தாள்.

“அங்க போய்க் கழட்டிக்கலாம்” என்றாள் மகாராணி. காலையிலிருந்து அந்த வீட்டில் அவள் குரல் முதல் தடவையாக உரத்துக் கேட்டது. “போற வரைக்கும் இருக்கட்டும்.”

“அது சரிம்மா, எப்பக் கழட்டினாலும் ஒண்ணுதான். இப்பவே…”

“போற வரைக்கும் இருக்கட்டும்னு சொல்றேன்ல?”

ஒரு காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியாகவே ஊரை எழுந்து நிற்கவைத்த குரல். வண்டிக்காரர் பின்வாங்கினார்.

“எந்த வழியாப் போறீங்க?” என்று அவரோடு வாசலுக்கு நடந்தபடியே கேட்டாள்.

“புதுரோடும்மா. வழுவழுன்னு இருக்கும். நடந்து வர்றவங்களுக்கும் சிரமம் இல்ல.”

“பழைய மார்க்கெட் வழியாப் போங்க.”

“அத்தை!” என்றாள் தம்பி மகள். “காலைல பட்டது போதாதா? அப்பாவைத் தூக்கித் தூக்கிப் போடும்.”

“போடட்டும்.”

“சுத்து வழிம்மா” என்றார் வண்டிக்காரர். “பள்ளம் பாத்து ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினா லேட்டாகும்.”

“ஒதுக்க வேண்டாம்.” மகாராணி அவர் அருகில் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பள்ளத்துல எல்லாம் நல்லா இறக்கி ஏத்து, தம்பி. ஒண்ணைக்கூட விட்டுடாத.”

இறந்தவர்களை எத்தனையோ வருடமாக ஏற்றிச் செல்கிறவர் அவர். மெல்லப் போங்கள், குலுக்காமல் போங்கள், தூங்குகிற பிள்ளையைக் கொண்டுபோவதுபோலப் போங்கள் என்றுதான் எல்லாரும் அவரிடம் அழுதிருக்கிறார்கள். இப்படி ஒருத்தியை அவர் கண்டதில்லை. வண்டியில் ஏறினார்.

எல்லாரும் வெளியே வந்த பிறகு மகாராணி மட்டும் கூடத்துக்குத் திரும்பினாள். “என்ன அண்ணி?” என்று வாசலிலிருந்து தம்பி மனைவி கேட்டாள்.

“வர்றேன், நீ போ.”

இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். கொடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே சுவரோரம் தள்ளியிருந்த மேசைமேல், டிவி பக்கத்தில் அதை வைத்தாள். சரியாகப் பொருந்தவில்லைபோல, விரலால் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள். பிறகு வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

வண்டி ஊர்ந்தது. பின்கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். தம்பி மனைவியும் மகளும் முன்வரிசையில், மற்றவர்கள் பின்னால். மகாராணி வண்டியை ஒட்டி, எல்லாருக்கும் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். பழக்க தோஷம். கை அடிக்கடி இடுப்புக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பியது.

பழைய மார்க்கெட் முனையில் வண்டி ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு திரும்பி, முதல் பள்ளத்தில் ஒதுங்காமல் இறங்கியது. கூட்டத்தில் யாரோ “பாத்துப்பா!” என்று கத்தினார்கள். உள்ளே வெள்ளைத் துணி ஒரு சாண் எழும்பி அமர்ந்தது. ஏறியது. அடுத்ததிலும் இறங்கியது.

மகாராணி நடையைக் குறைத்தாள். முன்வரிசை அவளைத் தாண்டிப் போயிற்று. பின்னால் வந்தவர்களும் தாண்டினார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

“அத்தை, முடியலையா? வண்டியில ஏறிக்கறீங்களா?” என்று தம்பி மகள் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“நீங்க முன்னாடி போங்க. நான் வர்றேன்.”

பூட்டிய கடைகளுக்கு நடுவே வண்டி விழுந்தும் எழுந்தும் போய்க்கொண்டிருந்தது. திறந்த கதவின் இருட்டுக்குள் அந்தச் சின்னப் பச்சை வெளிச்சம் மினுங்குவதும் அணைவதுமாக இருந்தது. அவள் இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்தாள்.